காஞ்சிபுரத்தில் ஓர் அரக்கு அறை

ஜன்னலைத் திறந்தால் கோபுரம் தெரியும். இந்த அறைக்காக வெளியூர்க்காரர்கள் போட்டி போடுவார்கள் என்று விடுதிக்காரர் பெருமையாகச் சொன்னார். எனக்கோ திறந்த கையோடு மூடிவிடலாம் போலிருந்தது. ஏகாம்பரநாதர் கோபுரத்தைக் கிட்டத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால், மேகம் நகர்கிறதா, கோபுரம் நம் மேல் சாய்கிறதா என்று தெரிவதில்லை. அதன் நடு நிலையில் இரண்டு பூதங்கள். பிதுங்கிய கண்ணும் கோரைப் பல்லுமாக, நாங்கள் படுக்கப்போகும் கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தன.

"ஏங்க, அது சாமி கோபுரம். உங்களை முழுங்க வரலை" என்றாள் சரோஜா.

என் மனைவிக்குப் பயமே கிடையாது. அவள் பங்கையும் சேர்த்து நானே பயந்து தீர்த்துவிடுகிறேன். மலாயாவின் ஈப்போவில் ஓர் ஈயக் கம்பெனியில் குமாஸ்தாவாக இருக்கிறேன். இடி இடித்தால் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் படுப்பேன். என்னைப் போன்ற ஒருவன் கடல் தாண்டி வந்ததற்கு ஒரே காரணம் மகள் மாலதியின் கல்யாணப் புடவை. தை மாதம் கல்யாணம். ஈப்போ கடையிலேயே வாங்கிக்கொள்ளலாம் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். "எம் பொண்ணு நெறத்துக்கு எது எடுக்கும்னு எனக்குத்தான் தெரியும். கடைக்காரனுக்கு என்ன தெரியும்?" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டாள் அவள்.

என் பயமெல்லாம் பூதத்தைப் பற்றியது அல்ல, அவளுடைய மூச்சைப் பற்றியது. சரோஜாவுக்குப் பல வருஷமாக இரைப்பு. தூசி, புகை, ஈரம் மூன்றும் ஆகாது. புறப்படுமுன் எங்கள் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மாத்திரை இல்லாமல் ஒரு நாள்கூட இருக்கவிடாதே. பெரிய இழுப்பு வந்துவிட்டால் மாத்திரையும் கேட்காது. உடனே ஊசி போடவேண்டும். தாமதித்தால் ஆளைக் கொண்டுபோய்விடும்" என்றார். அதை அவளிடம் சொல்லவில்லை. கப்பல் ஏறியதிலிருந்து அவள் தூங்கும்போதெல்லாம் மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டு வந்தேன். பழுப்பு நிற மாத்திரைப் புட்டி அவளுடைய கைப்பையில் இருக்கிறதா என்று நினைத்தபோதெல்லாம் திறந்து பார்ப்பேன்.

விடுதியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதை நடத்தும் கவுஸ் பாயின் முன்னோர்கள் ஜரிகை வியாபாரிகள். அவர்களுடைய பெரிய வீட்டைத்தான் இவர் விடுதியாக்கியிருந்தார். மொத்தமே சில அறைகள்தான். எந்த அறைக்கும் எண் இல்லை, சேலை நிறம்தான் பெயர். கிளிப்பச்சை ரூம், மயில்கழுத்து ரூம், மாந்துளிர் ரூம் என்று கதவுக்குக் கதவு எழுதியிருந்தது. எங்களுக்கு வாய்த்தது அரக்கு.

"அசல் பட்டுச் சேலைய செவுத்துல மாட்டிக்கினு, பக்கத்துலயே பெயிண்ட்டக் கலந்தோம் சார். ஒரு மயிரிழ வித்தியாசம் இருக்காது" என்றார் பாய்.

நான்கு பக்கமும் இரத்தச் சிவப்பு. உள்ளே நின்றால் ஏதோ மிருகத்தின் தொண்டைக்குள் நிற்பது போலிருந்தது. வேறு அறை கேட்கலாமா என்றேன். சரோஜா சுவரைத் தடவிப் பார்த்து, "நல்லா பாய்ஞ்சிருக்கு கலர்" என்று பாயைப் பாராட்டினாள். குளியலறையில் பீங்கான் தொட்டி ஒன்று இருந்தது. சீமையிலிருந்து வந்ததாம். ஆனால் குழாயில் காலையில் மட்டுமே தண்ணீர் வரும் என்பதால், அந்தத் தொட்டி நிறைய நாள் முழுவதற்கும் வேண்டிய தண்ணீரைப் பிடித்து வைத்திருந்தார்கள். பக்கத்தில் நின்று செம்பில் மொண்டு குளித்தோம். ஈப்போவில் எங்கள் வீட்டிலும் தொட்டித் தண்ணீர்தான். அதற்காகக் கடல் தாண்டி வந்திருக்க வேண்டாம்.

பின்பக்கச் சந்தில் ஒரு சாயப்பட்டறை இருந்தது. விறகு வைத்து அண்டா கொதிக்கும் புகை, காற்றடித்தால் எங்கள் அறைக்கு வந்தது. நான் ஜன்னலைச் சாத்தினேன். காற்று வேண்டும் என்று சரோஜா திறந்தாள். அன்று முழுக்க இதே வேலை.

மறுநாள் காலையில் காப்பி குடிக்கலாம் என்று நான் மட்டும் வாசலுக்கு இறங்கினேன். விடுதி இருந்தது பிள்ளையார்பாளையத்தில் ஒரு முட்டுச்சந்தின் கடைசியில். ஒரு முனையில் மதில், மறுமுனையில் பெரிய தெரு. நடுவில் இரண்டு பக்கமும் நெசவாளர் வீடுகள். முந்தின நாள் நாங்கள் வந்திறங்கிய தெரு அது என்று நம்பவே முடியவில்லை. தெருவின் நீளத்துக்கும் பட்டு நூலைக் கட்டி நீட்டியிருந்தார்கள். இடுப்பு உயரத்துக்குக் குறுக்குக் கழிகள், அவற்றின் மேல் ஆயிரக்கணக்கான இழைகள். சேலையின் நீளவாட்டு நூல் இதுதான், பாவு என்கிறார்கள். தறியில் ஏற்றுமுன் விடியற்காலையில் இப்படித் தெருவில் விரித்து, அறுந்த இழையை முடிந்து, கஞ்சி தடவிக் காயவைக்கிறார்கள். வெயில் ஏறும்வரை அந்தத் தெருவில் வண்டி வாகனம் கிடையாது. இதைத் தெரிந்துதான் பாய் தன் காரைத் தெருமுனையைத் தாண்டி வேறொரு ஷெட்டில் நிறுத்தியிருந்தார்.

எனக்கு இது ஒன்றும் தெரியாது. ஓர் இடத்தில் பாவு தாழ்ந்திருந்தது. எதிர்ப்பக்கத்துக்குப் போக, காலைத் தூக்கித் தாண்டப் போனேன்.

"தாண்டாதீங்க!"

தெருவே கத்தியது. தூக்கிய கால் அந்தரத்தில் நிற்க, என் உயிர் அதற்கும் மேலே போய்விட்டது. கஞ்சித் தூரிகையோடு ஓர் அம்மாள் ஓடி வந்தாள். ஐம்பது வயதிருக்கும். நாகம்மா என்று பெயர், அந்தத் தெருவின் பாவு வேலைக்கெல்லாம் அவள்தான் தலைவி என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"பாவு பெத்த புள்ள மாதிரிங்க. படுத்துக்கினு இருக்கிற புள்ளைய யாராச்சும் தாண்டுவாங்களா? குனிஞ்சி அடியில பூந்து போங்க" என்றாள்.

குனிந்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. பின்னால் அவள் யாரிடமோ தெலுங்கில் பேசியது காதில் விழுந்தது. எங்கள் கம்பெனியில் தெலுங்குக்காரர்கள் உண்டு, எனக்கு ஓரளவு புரியும். "பாவம், நல்ல மனுஷனாத்தான் தெரியுறாரு. ஆனா ஒரு கண்ணு வைங்க. என்னத்தையாவது இடிச்சிடுவாரு" என்றாள். காப்பி குடிக்கும் ஆசையே போய்விட்டது. வந்த வழியே மறுபடி குனிந்து திரும்பினேன்.

கடைகளுக்கு எங்களை அழைத்துப்போனது ஏழுமலை. தென்னேரிக்காரன். ஏரியில் தண்ணீர் இருந்தால் விவசாயம், இல்லாவிட்டால் காஞ்சிபுரத்தில் சைக்கிள் ரிக்‌ஷா. இரவில் வண்டியை விடுதி முற்றத்தில் விட்டுவிட்டு அங்கேயே படுத்துக்கொள்வான். அவனுடைய வண்டியில் சங்கிலி கழன்றுகொண்டே இருக்கும். ஒவ்வொரு முறையும், "ஒன்னும் ஆவாதுபா, குந்து" என்பான். ராஜ வீதியில் ஒரு காளைமாடு வந்து எங்கள் மட்கார்டில் கழுத்தைச் சொறிந்துகொண்டது. நான் இறங்கிவிட்டேன். சரோஜா உட்கார்ந்தபடியே அதன் நெற்றியைத் தடவினாள்.

"சாருக்கு மாடும் பயமா?" என்று ஏழுமலை அவளைக் கேட்டான்.

"அவருக்கு எது பயமில்லைன்னு கேளுப்பா. அது சீக்கிரம் முடியும்" என்றாள்.

கடை கடையாக ஏறினோம். ஜமக்காளத்தில் மலை மலையாகப் புடவை. கடைக்காரர்கள் குளிர்பானம் கொடுத்தார்கள், விசிறி போட்டார்கள், கடைசியில் களைத்துப் போனார்கள். சரோஜா ஒவ்வொன்றாகத் தன் தோளில் போட்டுப் பார்ப்பாள். பிறகு கண்ணை மூடி மாலதியை நினைத்துப் பார்ப்பாள். "இது இல்லை" என்று மடித்துவிடுவாள். எங்கள் மாலதி நல்ல கறுப்பு. மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்தபோது, ஒரு பெரியம்மாள் அவளுடைய கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் விட்டாள். அந்தச் சொல்லாத பேச்சு சரோஜாவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்திருந்தது.

"எல்லாம் வெளுத்த பொம்மைக்குக் கட்டுற கலரா வெச்சிருக்கீங்க. எம் பொண்ணு மணவறையில உட்கார்ந்தா, அவளைப் பார்க்கிறவங்க அதுக்கப்புறம் வேற பொண்ணையே பார்க்கக் கூடாது. அந்த மாதிரி காட்டுங்க" என்றாள் கடைசிக் கடையில்.

"என்னா கலர்னு சொல்லுங்கம்மா, எறக்கறேன்" என்றார் கடைக்காரர்.

"பச்சைதான். ஆனா பச்சை இல்லை. பார்த்தா சொல்லிடுவேன்."

அவர் என்னைப் பார்த்தார். நான் விட்டத்தைப் பார்த்தேன். வெறுங்கையோடு திரும்பினோம்.

அன்று மாலை அரக்கு அறையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது என் இடது தோளில் பல்லி விழுந்தது. சும்மா ஓடியிருந்தால் பரவாயில்லை. சட்டைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு ஓடியது. பல்லி விழும் பலன் எனக்கு முழுதாக நினைவில்லை. மரணபயம் என்று ஏதோ ஒரு தோளுக்கு வரும். எந்தத் தோள் என்பதுதான் மறந்துவிட்டது. இராத்திரி முழுக்க இரண்டு தோளையும் மாறி மாறி யோசித்தேன்.

விடிந்ததும் பாயிடம் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "இதுக்கா ரோசன? சின்னக் காஞ்சிபுரம் வரதராஜர் கோயில்ல தங்கப் பல்லி இருக்குது சார். தொட்டுட்டு வந்துட்டா தோசம் போயிடும்னு உங்காளுங்க எல்லாம் சொல்லுவாங்க. போயிட்டு வந்துடுங்க, மனசு லேசாயிடும்" என்றார். சரோஜாவுக்குப் படி ஏறினால் மூச்சு வாங்கும், வேண்டாம் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. என் தோள்தான் எனக்குப் பெரிதாக இருந்தது.

மேடை மேல் ஏறி, விட்டத்தில் பதித்திருந்த பல்லிகளைத் தொட்டோம். நான் இரண்டு முறை தொட்டேன். வெளியே வந்து கோயில் இட்லி வாங்கிக்கொண்டு குளக்கரையில் உட்கார்ந்தோம். குழலாக வெந்த இட்லி, மிளகும் சுக்கும் நெய்யும் மணக்க மணக்க. மலாயாவில் இட்லி என்ற பெயரில் நாங்கள் தின்பது வேறு ஏதோ பண்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. அந்தப் பயணத்தில் பயமில்லாமல் நான் இருந்தது அந்த இட்லியைத் தின்ற நேரம் மட்டும்தான். தோஷமும் போயிற்று, இட்லியும் கிடைத்தது என்று கொஞ்சம் சிரித்துக்கூடப் பேசினேன்.

மீதி இட்லியை இலையோடு மடித்துச் சரோஜா கைப்பைக்குள் வைத்தாள். எங்கிருந்து பார்த்துக்கொண்டிருந்ததோ, ஒரு குரங்கு மண்டபத்திலிருந்து குதித்தது. பையின் வாரைப் பிடித்து இழுத்தது. சரோஜா விடவில்லை. அது பல்லைக் காட்டியது. "விட்டுடு, விட்டுடு" என்று அலறியது நான்தான். அவள் விட்டாள். குரங்கு மண்டபத்துத் தூணில் ஏறி, இலையை உருவி எடுத்துக்கொண்டு, பையைத் தலைகீழாகக் கவிழ்த்துக் குளத்தில் போட்டது. கைக்குட்டை மிதந்தது. சீப்பு மிதந்தது. பழுப்புப் புட்டி மிதக்கவில்லை.

"போனாப் போகுது, சீப்பு பழசுதான்" என்று சரோஜா சிரித்தாள்.

"மாத்திரை!" என்றேன்.

மருந்துக் கடைகளுக்கு ஏழுமலை வெறிபிடித்தவன் போல மிதித்தான். அந்தப் பெயரில் மாத்திரை இல்லை. ஒரு கடைக்காரர் மட்டும், இதே மருந்து வேறு பெயரில் உண்டு, நாளை மத்தியானம் மெட்ராஸிலிருந்து வந்துவிடும் என்றார். ஆஸ்பத்திரிக்கு இப்போதே போய்விடலாம் என்றேன். "நல்லா இருக்கிறவளைக் கொண்டுபோய்ப் படுக்க வைப்பீங்களா? ஒரு ராத்திரிதானே" என்று சரோஜா மறுத்துவிட்டாள். அவளுடைய வாய்க்கு முன்னால் நான் என்றைக்கு ஜெயித்திருக்கிறேன்?

இரவு தூறல் போட்டது. ஈரக்காற்றோடு சாயப்பட்டறைப் புகை தரையோடு தரையாக வந்தது. ஜன்னலைச் சாத்தி இடுக்கில் என் வேட்டியைத் திணித்தேன். அப்படியும் வந்தது. அவள் தூங்கினாள், நான் மார்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எப்போது கண் அயர்ந்தேனோ தெரியவில்லை. விழித்தபோது வெளிச்சம் வந்திருந்தது. கட்டில் விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். தோள்கள் காது வரைக்கும் ஏறியிருந்தன. ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்து உள்ளே குழிந்தது. உதடு நீலமாக இருந்தது.

"சரோ" என்றேன். பதில் சொல்ல அவளிடம் மூச்சு இல்லை. தலையை மட்டும் ஆட்டினாள். இத்தனை வருஷத்தில் அவள் கண்ணில் பயத்தை அன்றுதான் பார்த்தேன்.

அந்த நிமிஷத்தில் எனக்கு என்ன ஆயிற்று என்று சொல்லத் தெரியவில்லை. அதுவரை நான் பட்டதெல்லாம் பயமே இல்லை, விளையாட்டு என்று தெரிந்தது. படிக்கட்டில் நின்று, "பாய்! ஏழுமலை!" என்று கத்தினேன். பாய் லுங்கியோடு ஓடி வந்தார், அவளைப் பார்த்ததும், "யா அல்லா" என்றார். "கார் தெருவுக்கு அந்தாண்ட இருக்குது. ரிக்‌ஷால ஏத்து ஏழுமலை, ஜல்தி! தெருமுனை வரைக்கும் கொண்டா, நான் ஓடிப்போய்க் கார எடுக்கறேன்" என்று வாசலைத் தாண்டி ஓடினார். நானும் ஏழுமலையும் அவளை நாற்காலியோடு தூக்கிக் கீழே கொண்டுவந்து ரிக்‌ஷாவில் வைத்தோம். படுக்க வைத்தால் மூச்சு நின்றுவிடும் போலிருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து பிடித்துக்கொண்டேன். ஏழுமலை மிதித்து வாசலைத் தாண்டினான். பிரேக்கைப் பிடித்தான்.

தெரு முழுக்கப் பாவு.

ஒன்றன் பின் ஒன்றாக மூன்று பாவுகள், மதிலிலிருந்து தெருமுனை வரைக்கும். பதற்றத்தில் அது எங்கள் மூவருக்குமே நினைவில்லை. இரண்டு பக்கமும் ஓர் ஆள் ஒட்டி நடக்கலாம், அவ்வளவுதான். ரிக்‌ஷாவுக்கு இடமில்லை. அவளை நடத்திக்கொண்டு போக வழியில்லை. நாற்காலியோடு தூக்கிப்போகவும் அகலம் போதாது.

"எடுங்க! வழி விடுங்க! ஆஸ்பத்திரிக்குப் போகணும்!" என்று கத்தினேன்.

நாகம்மா தூரிகையோடு நிமிர்ந்தாள். ரிக்‌ஷாவைப் பார்த்தாள். பாவைப் பார்த்தாள். "இப்பத்தான் கஞ்சி போட்டோம். ஈரமா இருக்குது. சுருட்டினா ஒட்டிக்கும்" என்றாள்.

இங்கே ஓர் உயிர் போகிறது, இவள் நூலைப் பற்றிப் பேசுகிறாளே. கீழே குதித்தேன். முதல் பாவைத் தாங்கியிருந்த குறுக்குக் கழியை இரண்டு கையாலும் பிடித்தேன். தள்ளிச் சாய்த்துவிட்டு அதன் மேலேயே வண்டியை ஓட்டச் சொல்லப் போகிறேன், போலீஸ் வந்தாலும் வரட்டும்.

நாகம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். அவளுடைய கை கஞ்சியில் பிசுபிசுத்தது.

"கைய எடுங்க சாமி. நீங்க தள்ளினா எல்லாம் சிக்கிக்கினு வண்டிச் சக்கரத்துலயே சுத்திக்கும். அப்புறம் வண்டி எப்டி போவும்? அந்தம்மாவ பார்த்துக்கினு இருங்க, போதும்." பிறகு தெருவைப் பார்த்துத் திரும்பி, தெலுங்கில் ஒரு குரல் கொடுத்தாள். ஒரே வார்த்தைதான். எல்லாரும் வாருங்கள் என்று அர்த்தம்.

தறிச் சத்தம் நின்றது. இரண்டு பக்கத்துக் கதவுகளும் திறந்தன. தறிக்குழியிலிருந்து எழுந்த ஆண்கள், மாவுக் கையோடு பெண்கள், பல் தேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் வாயில் நுரையோடு. யாரும் எதுவும் கேட்கவில்லை. பாவுக்கு இரண்டு பக்கமும் வரிசையாக வந்து நின்று, ஆளுக்கொரு கழி முனையைப் பிடித்தார்கள். ரிக்‌ஷாவின் கூண்டை ஏழுமலை பின்னால் மடித்துத் தள்ளினான்.

"எத்தண்டி!" என்றாள் நாகம்மா.

தூக்குங்கள் என்று அர்த்தம். முதல் பாவு ஒரே சமயத்தில் எழுந்தது. ஒரு பக்கம் ஏறாமல் ஒரு பக்கம் இறங்காமல், விரித்தது விரித்தபடி, எல்லாருடைய தலைக்கும் மேலே போயிற்று. இருபுறமும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, கையை உயர்த்தி நின்றார்கள். "போடா, தலைய குனிஞ்சிக்கினு போ" என்று யாரோ ஏழுமலையிடம் சொன்னார்கள். அவன் மிதிக்கவில்லை. இறங்கி, முதுகை வளைத்து, கைப்பிடியைப் பிடித்து இழுத்தான். பாவுக்கு அடியில் நுழைந்தோம்.

மேலே அரக்கு நிறம். கஞ்சி சொட்டி என் கையில் விழுந்தது. சரோஜாவின் மூச்சு விசில் மாதிரி இழுத்துக்கொண்டு வந்தது, அந்த விசிலும் சன்னமாகிக்கொண்டே போயிற்று. சத்தம் குறைந்தால் ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். "சரோ, இதோ ஆச்சு, இதோ ஆச்சு" என்று பினாத்திக்கொண்டிருந்தேன். முதல் பாவு முடிந்தது. அதைப் பிடித்திருந்தவர்கள் அதை மெல்ல இறக்க, முன்னால் இரண்டாவது எழுந்தது. ஊதா நிறம். இழை ஒன்று படீரென்று அறுந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை.

மூன்றாவது பாவு எழுந்தபோது தெருமுனை வழியாக வெயில் வந்துவிட்டது. தலைக்கு மேல் வெளிச்சம் வடிந்து எங்கள் மேலெல்லாம் விழுந்தது. அப்போது சரோஜாவின் தலை பின்னால் சாய்ந்தது. கண் மேலே நிலைகுத்தி நின்றது. வலது கையை மெல்லத் தூக்கி, விரலால் மேலே காட்டினாள்.

சாகப்போகிறவர்கள் இப்படி மேலே காட்டுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். கூப்பிடுகிறார்கள் என்று அர்த்தமாம். கையைப் பிடித்துக் கீழே இழுத்தேன். "வேணாம் சரோ. மேல பார்க்காதே. என்னைப் பாரு, என்னைப் பாரு" என்று கதறினேன். அவள் கையை உதறிக்கொண்டாள். மூச்சுக்கே திணறுகிறவளுக்கு அந்தப் பலம் எங்கிருந்து வந்தது? மறுபடியும் மேலே காட்டினாள். உதடு எதையோ சொல்லப் பார்த்தது. நான் அவள் முகத்தை என் மார்போடு அழுத்திக்கொண்டு, ஏகாம்பரநாதரிலிருந்து ஈப்போ மாரியம்மன் வரைக்கும் அத்தனை பேரையும் கூப்பிட்டேன். தங்கப் பல்லியைக்கூடக் கூப்பிட்டேன்.

தெருமுனையில் பாய் கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

பெரிய ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே கொண்டுபோனார்கள். ஊசி போட்டார்கள். ஆக்சிஜன் வைத்தார்கள். என்னை வெளியே நிறுத்திவிட்டார்கள். வராந்தாவில் வாலாஜாபாத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் கட்டுச்சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. "சாப்புடுங்க சார், வெறும் வயித்துல எத்தினி நேரம் நிப்பீங்க?" என்று ஒரு கவளம் நீட்டினார்கள். ஈப்போ ஆஸ்பத்திரியில் பக்கத்தில் செத்தால்கூட யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். மாலதிக்கு என்னவென்று தந்தி கொடுப்பது?

ஏழுமலை தெருவுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தான். "பாவெல்லாம் நல்லாக்கீதாம் சார். நாலஞ்சி எழைதான் அறுந்துச்சாம், முடிஞ்சிட்டாங்க. நாகம்மா, அந்தம்மா எப்டி இருக்குதுன்னு கேட்டுக்கினே இருக்குது" என்றான். நான் சாத்தியிருந்த கதவைக் காட்டினேன்.

வெயில் வராந்தா முழுக்கப் பரவிய பிறகு நர்ஸ் கதவைத் திறந்து, "யாருப்பா சரோஜா வூட்டுக்காரரு? கூப்புடுறாங்க" என்றாள்.

தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உதட்டில் பழைய நிறம் வந்திருந்தது. மார்பு ஏறி இறங்கியது. நான் கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சிறு பிள்ளை மாதிரி விக்கி விக்கி அழுதேன். அவள் கிட்டே வரச் சொல்லிச் சைகை செய்தாள். காதை அவள் வாயருகே கொண்டுபோனேன்.

"மூணாவது பாவு" என்றாள். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சு வாங்கினாள். "யாரு வீட்டுதுன்னு கேட்டுட்டு வாங்க."

எனக்குப் புரியவில்லை. மருந்து மயக்கம் என்று நினைத்தேன்.

"வாழைக்குருத்தும் இல்லாம, வெந்தயமும் இல்லாம ஒரு கலர். வெயில்ல பார்த்தேன். நம்ம மாலதிக்குன்னே சாயம் போட்ட மாதிரி இருக்கு. வேற யாருக்காவது பேசி முடிச்சிடப் போறாங்க, போங்க."

"நீ மேல கையைக் காட்டினியே சரோ" என்றேன். சொல்லும்போதே மறுபடி அழுகை வந்துவிட்டது. "நான் என்னவோ ஏதோன்னு..."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மேலதானேங்க இருந்துச்சு?" என்றாள்.

வெளியே ஓடி வந்தேன். ஏழுமலையின் ரிக்‌ஷாவில் வழக்கம் போலச் சங்கிலி கழன்றிருந்தது. அவன் மாட்டும்வரை நிற்கப் பொறுக்காமல், பிள்ளையார்பாளையம் பக்கம் நடுரோட்டில் நானே ஓட ஆரம்பித்தேன்.